பத்தொன்பதாம் பக்கம்

இருபத்தேழாம் பக்கத்தின் அடியில் சுருக்கொப்பம் போட்டு நிமிர்ந்தபோது பேராசிரியையின் கைப்பேசி மடியில் ஒருமுறை துடித்தது. பார்த்திருக்கக் கூடாது. பார்த்தாள். கணவரின் செய்தி.

"பால் தீர்ந்துடுச்சு. பவுடர்தான் இருக்கு. ஒரு பங்குக்கு எட்டு பங்கு தண்ணியா, பத்தா? உன் பொண்ணு உயிரை வாங்குறா."

'எட்டு' என்று தட்டி அனுப்பினாள். அனுப்பிய விரல் அப்படியே நின்றுவிட்டது.

பத்தொன்பதாம் பக்கம்.

நீள மேசையின் இருபுறமும் இரண்டு நாட்டுக் குழுக்கள். நடுவில் தொண்டைக்கு மிட்டாய் சப்பிக்கொண்டே ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிக்கும் எழுத்தர். ஒவ்வொரு பக்கமும் முடிய, இரு தலைவர்களும் ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவார்கள். மொத்தம் நாற்பத்து நான்கு பக்கங்கள். இரண்டு வருடப் பேச்சுவார்த்தை இன்று ஐந்து மணிக்கு முடிகிறது. முடிந்ததும் அமைச்சர் அவளைத் தூதராக அறிவிக்கப் போகிறார். இருபத்திரண்டு வருடம் பன்னாட்டு வணிகம் நடத்திய வகுப்பறையை விட்டு, ஓர் ஆலோசனை, ஒரு குழு என்று படிப்படியாக நகர்ந்து வந்தவள் அவள். அறிவிப்பை நம்பிப் போன வாரமே கருநீலத்தில் ஒரு பயணப் பெட்டியும் வாங்கிவிட்டாள்.

பத்தொன்பதாம் பக்கம் சொல்வது இதுதான்: ஒரு வருடத்தில் பன்னிரண்டாயிரம் டன்னுக்கு மேல் பால் பவுடர் இறக்குமதியானால், வரியை உயர்த்திக்கொள்ளலாம். உள்நாட்டில் மாடு வைத்துப் பிழைப்பவர்களுக்கு இருக்கும் ஒரே காப்பு அது. அந்த எண் அவளுடைய முனைவர் பட்ட ஆய்விலிருந்து எடுத்தது. அட்டவணையின் தலைப்பில் 'பால் பவுடர்' என்று அவளே எழுதியிருந்தாள். ஆனால் அந்தக் காலத்தில் புள்ளியியல் அலுவலகம் பவுடரையெல்லாம் பாலாக மாற்றித்தான் கணக்குக் காட்டும். எட்டால் வகுக்க வேண்டும் என்று நோட்டில் குறித்துவைத்தது இப்போது கண்முன் தெரிந்தது. குறித்தாள். வகுக்கவில்லை. தேர்வாளர்கள் கேட்கவில்லை. பிறகு வந்தவர்கள் எல்லோரும் அவளை நம்பி எடுத்தாண்டார்கள். மாணவர்களின் கட்டுரைகளில் கால்புள்ளி தவறினாலும் விடாதவள் என்பதால் துறையில் அவளுக்கு 'அடிக்குறிப்பு' என்றே பெயர்.

உண்மையான எல்லை ஆயிரத்து ஐந்நூறு. பன்னிரண்டாயிரத்தைத் தொடுவதற்குள் பாதித் தொழுவங்கள் காலியாகிவிடும்.

எழுத்தர் முப்பதாம் பக்கத்தைப் புரட்டினார்.

"என்ன மேடம், முகமே வெளுத்துப் போச்சு?" பக்கத்தில் இருந்த துணைச்செயலர் கிசுகிசுத்தார். "மதியச் சாப்பாடு ஒத்துக்கலையா?"

"பத்தொன்பதாம் பக்கம் தப்பு."

"யாரு பண்ணது?"

"நான்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவள் குறிப்பேட்டில் எழுதிக் காட்டியதைப் பார்த்ததும் சிரிப்பு வாயிலேயே நின்றது.

"மேடம், உங்க கால்ல விழறேன், பேசாம இருங்க. நாம ஒரு பக்கத்தைத் திறந்தா அவங்களும் ஒண்ணைத் திறக்கலாம். அதான் விதி. நேரா நம்ம பருத்தி நூல் பக்கத்துல கை வைப்பாங்க. மூணு வாரம் மல்லுக்கட்டி வாங்கினது அது."

"தெரியும்."

"காரணம் சொல்லணும். பதிவுல ஏறும். தூதர் பதவிக்கு வர்றவங்க சொல்ற காரணமா இது? அஞ்சு வருஷம் கழிச்சு மறுஆய்வு வருதுல்ல, அப்ப சத்தமில்லாம மாத்திக்கலாம்."

"அஞ்சு வருஷம் மாட்டுக்குத் தீனி நீங்க போடுவீங்களா?"

"பொட்டி வேற வாங்கிட்டீங்க," என்றார் அவர் பரிதாபமாக.

முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. எழுத்தருக்கு என்ன அவசரமோ, மடமடவென்று வாசித்தார். அவளுடைய சுருக்கொப்பம் பக்கத்துக்குப் பக்கம் கோணிக்கொண்டே போனது. ஐந்து வருடம் ஒன்றும் பெரிய காலமில்லை என்று ஒரு மனம் சொன்னது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று அதே மனம் மறுபடியும் சொன்னது. எதிரே அவர்கள் தலைவர் வழக்கம்போல் அரைக்கண் மூடியிருந்தார். இவள் குழு அவருக்கு வைத்த பெயர் பூனை.

நாற்பத்து மூன்று முடிந்தது. எழுத்தர் தண்ணீர் குடித்தார். ஒரு மிடறு, இன்னொரு மிடறு. குவளையைக் கீழே வைத்தார். கடைசிப் பக்கத்தின் முதல் வார்த்தை அவர் வாயில் வந்துவிட்டது.

அவள் தன் முன்னால் படுத்திருந்த பெயர்ப்பலகையை எடுத்து நெட்டுக்குத்தாக நிறுத்தினாள். பேச வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். பலகை டக்கென்று விழுந்தது. மறுபடி நிறுத்தினாள்.

பூனை கண்ணைத் திறந்தார். "எந்தப் பக்கம்?"

"பத்தொன்பது."

"காரணம்?"

அட்டவணை, தலைப்பு, வகுக்காத எட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். "அந்த ஆய்வை எழுதினது நான். தப்பும் என்னுதுதான்." எழுத்தரின் பேனா அதையும் எழுதிவிட்டு நின்றது.

"தெரியும்," என்றார் பூனை.

"எது தெரியும்?"

"தப்பு. எங்க பசங்க போன மாசமே கண்டுபிடிச்சிட்டாங்க. நானும் வாத்தியார்தான் மேடம், உங்க ஆய்வை வெச்சுப் பத்து வருஷமா பாடம் எடுக்கறேன். அந்தம்மா தப்பு பண்ண மாட்டாங்கன்னு அவங்ககிட்ட சண்டையே போட்டேன்."

"சொல்லியிருக்கலாமே, சார்."

"எங்களுக்குச் சாதகமான தப்பு. என் இடத்துல நீங்க இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் தன் பிரதியைப் புரட்டத் தொடங்கினார். அவசரமே இல்லாமல், விரலை எச்சில்படுத்தி, ஒவ்வொரு தாளாக. துணைச்செயலர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முப்பத்திரண்டு," என்றார் பூனை. "நூல்."

அரை மணி இடைவேளை என்றார் எழுத்தர். நாற்காலிகள் நகர்ந்தன.

"அமைச்சருக்கு யார் சொல்றது?" என்றார் துணைச்செயலர். "அஞ்சு மணிக்குப் பத்திரிகைக்காரங்க எல்லாம் வந்துடுவாங்க."

"நானே சொல்றேன். அஞ்சு மணிக்கு வேற யாரையாவது அறிவிக்கட்டும், இல்ல யாரையும் அறிவிக்காம இருக்கட்டும்."

கைப்பேசி மறுபடி துடித்தது. "எட்டுதான் போட்டேன். கட்டி கட்டியா இருக்கு. உன் பொண்ணு குடிக்க மாட்டேங்கறா."

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பன்னிரண்டாயிரத்தை எட்டால் வகுத்தாள். விடையின் கீழே ஒரு கோடு போட்டாள். கொஞ்சம் யோசித்துக் குறிப்பேட்டைத் துணைச்செயலர் பக்கம் தள்ளினாள்.

"சரிபாருங்க."

இரண்டு வருடத்தில் அவள் தன் கணக்கை அவரிடம் கொடுத்ததே இல்லை.

"மேடம், ஒரு வகுத்தலுங்க. இதுல என்ன பார்க்க?"

"பாருங்க."

அவர் கால்குலேட்டரை எடுத்தார். அவர் ஒவ்வொரு எண்ணாக அழுத்துவதை, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள்போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.