ரோதெல் ஓடுவாரா?

மணிலாவில் செனட்டர் ரோதெல் சமனியேகோவின் மீது ஒருவன் எறிந்த அழுகிய முட்டை, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, லகூனா ஏரிக்கரையில் உள்ள பாங்கில் என்ற ஊரில், வலை காயப்போட்டுக்கொண்டிருந்த தேபானின் நெற்றியில் உடைந்தது. ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். செனட்டர் ஒரு சொட்டு மஞ்சள் கரு படாமல் கூட்டத்துக்குக் கையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். தேபான் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்ட, அவன் மனைவி சாயோங் துண்டைக் கொடுத்தாள். பத்தொன்பது வருடமாக இதுதான் வழக்கம் என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மத்தியானச் செய்தியில், முட்டை எறிந்தவன் என்ன கத்தினான் என்பதையும் சொன்னார்கள். "சினிமாக்காரனுக்கு ஜனாதிபதி நாற்காலி கேக்குதா?" என்று கத்தினானாம். சாயோங்கின் கையிலிருந்த சோற்றுக் கரண்டி கீழே விழுந்தது.

ரோதெல் சண்டைப் படங்களில் நடித்த காலத்தில் தேபான் அவருக்கு டூப். முகம் தெரிய வேண்டிய இடத்தில் ரோதெல் நிற்பார். முதுகு தெரிந்தால் போதும் என்கிற இடத்தில் தேபான் ஓடுவான், குதிப்பான், எரியும் பஸ்ஸிலிருந்து ஆற்றில் விழுவான். நாற்பத்தோரு படம் இப்படி. கடைசிப் படம் முடிந்த அன்று விருந்தில், ரோதெல் பன்றி வறுவல் எண்ணெய் வழியும் கையைத் தேபானின் தோளில் போட்டு, "அரசியலுக்குப் போறேன்டா. அங்கேயும் என் மேல விழுற அடியெல்லாம் உனக்குத்தான்!" என்றார். "சரி பாஸ்" என்றான் தேபான். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரம் ரோதெல் கார்க் கதவில் தலையை இடித்துக்கொண்டார், தேபானின் நெற்றி புடைத்தது. முதல் செனட் தேர்தலின்போது ஜனங்கள் ரோதெலின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தேபானின் வலது கை மூன்று மாதம் பன் மாதிரி வீங்கிக் கிடந்தது. செபுவில் செனட்டரை நாய் கடித்தபோது ஊசி போட்டுக்கொண்டது இவன்தான். சுகாதார நிலைய நர்ஸ் நேலியா முதல் இரண்டு வருடம் காரணம் கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

இந்த நாட்டில் தேர்தலில் யாரும் நிற்பதில்லை, ஓடுவார்கள்; பேச்சு வழக்கு அப்படி. எனவே அந்த ஆகஸ்ட் முழுக்க அரிசி வரிசையிலும் சேவல் சண்டைக் களத்திலும் பூசை முடிந்த தேவாலய வாசலிலும் ஒரே கேள்விதான்: ரோதெல் ஓடுவாரா? அவரைக் கேட்டால் எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்லி, படத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். மற்ற ஊர்க்காரர்கள் பத்திரிகையைப் பார்த்து ஆரூடம் சொன்னார்கள். பாங்கில்காரர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அவர்களுக்குத் தேபானின் உடம்பு இருந்தது. முடிவெட்டும் கோரியோ கடைக்கு வந்த எல்லோருடைய தலையையும் பாதியில் விட்டுவிட்டு, கடை வாசலில் வந்து நின்ற தேபானின் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"கொஞ்சம் இழுக்குதுண்ணே."

"அப்போ ஓடுறாருடா! நான்தான் அப்பவே சொன்னேன்ல?"

"நேத்து படகு தள்ளினேன். அதுல இழுத்திருக்கும்."

"அட போடா. ஓடுறதுன்னா எப்பவுமே நீதானடா ஓடுவ. அந்தாளு என்னைக்கு ஓடியிருக்கான்?"

கடையே சிரித்தது. சாயோங் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் சேறு வர ஆரம்பித்திருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் ரோதெலின் மீது தினம் ஒரு பழியைப் பத்திரிகையில் வாரி இறைத்தார்கள். பத்திரிகை கடைக்கு வருகிற ஆறரை மணிக்குத் தேபான் தலையிலிருந்து கால்வரை சேறாக எழுந்து உட்கார்ந்தான். நில மோசடி என்றால் வயல் சேறு, பெண் விவகாரம் என்றால் சாக்கடைச் சேறு, நாற்றம் குடலைப் பிடுங்கும். சாயோங் அதை வழித்து வழித்துக் கொல்லையில் கொட்டினாள். அங்கே கங்கோங் கீரை ஆள் உயரத்துக்கு வளர்ந்தது, தெரு முழுக்க அதைத்தான் தின்றது. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். முட்டையைத் துடைக்கலாம், சேற்றைக் கழுவலாம், நாய்க்கடிக்கு ஊசி இருக்கிறது. ஆனால் ஜனாதிபதி பதவிக்கு ஓடுகிறவர்களை இங்கே சுட்டுவிடுகிறார்கள். துப்பாக்கிக் குண்டைத் தவிர வேறெதையும் அவளால் இப்போது நினைக்க முடியவில்லை. அவர் ஓடுவாரா என்பது நாட்டு ஜனங்களுக்கு வம்புப் பேச்சு, சாயோங்குக்குப் புருஷன் உயிர்.

"பாஸுக்குக் கொடுத்த வாக்கை வாபஸ் வாங்கிக்கோய்யா. அன்னைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடு" என்று அவள் கெஞ்சினாள்.

"விளையாட்டுக்குத்தான் சொன்னேன், பலிச்சிருச்சே. இப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று காதுக்குள் இருந்த சேற்றைக் குடைந்துகொண்டே கேட்டான் தேபான். அவனுக்கு அடிபடுவது ஒரு வேலை, அதை நன்றாகச் செய்கிறோம் என்கிற கர்வம்கூடக் கொஞ்சம் இருந்தது.

வேட்புமனு கொடுக்க ஐந்து நாள் இருக்கும்போது அவள் விடிகாலையிலேயே பிபிங்கா சுட்டு, அந்த அரிசிப் பணியாரத்தை வாழையிலையில் சுற்றி, சந்தைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு மணிலா பஸ் ஏறினாள். செனட்டர் வீட்டு வாசலில் வேலை கேட்டு, மருந்து கேட்டு, கல்யாணத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி நூறு பேர் நின்றார்கள். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு மரத்தடியில் மூன்று நாளாகக் குடியிருந்தார்கள். தேபான் மனைவி என்று சொல்லியனுப்பியதும் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ரோதெலுக்கு அறுபத்திரண்டு வயது, தலைக்கு மை. "தேபான் எப்படி இருக்கான் தங்கச்சி?" என்று பிரியமாகத்தான் கேட்டார். பிரியமாகக் கேட்டதால் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடாதீர்கள் ஐயா என்று காலைப் பிடித்தாள்.

ரோதெல் அவளைத் தூக்கி உட்காரவைத்தார், கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் ஓடப் போறதில்லைம்மா. நாளைக்கு அறிக்கை விடப் போறேன். பயமா இருக்கு." பானஹாவ் மலைச் சாமியார் ஒருவர் கொடுத்த தாயத்து அவர் கழுத்தில் பத்தொன்பது வருடம் கிடந்ததாம். அது இருந்தவரை முட்டையில்லை, கல்லில்லை, நாய்கூட வாயை வைத்ததே தவிர பல் பதியவில்லை. போன தவக்காலத்தில் கடலில் குளிக்கும்போது அது அறுந்து போய்விட்டது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை, கூட்டத்துக்குள் போகக் கால் வரவில்லை. "எந்தப் பயல் எங்கேர்ந்து சுடுவான்னு தெரியல. இனி எனக்கு எந்தக் காப்பும் இல்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் நாற்பத்தோரு படங்களின் வீரர்.

அந்த இடத்தில் சாயோங் எழுந்து வந்திருந்தால் இந்த வரலாறு இத்தோடு முடிந்திருக்கும். பிபிங்காவை மேசையில் வைத்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருடம் புருஷன் வாங்கிய அடியை எல்லாம் ஒரு தகரத் துண்டின் கணக்கில் எழுதினால் எந்தப் பெண்டாட்டிக்குப் பொறுக்கும்? "தாயத்தா? என்ன தாயத்து?" என்று அவள் வாயைத் திறந்துவிட்டாள். "உங்களை நாய் கடிச்சப்ப ஊசி போட்டுக்கிட்டது யாருன்னு நினைச்சீங்க? தாயத்து அறுந்தது தவக்காலத்துலதானே, ஆகஸ்டுல அடிச்ச முட்டை உங்க மேலயா பட்டுச்சு? எல்லாம் என் புருஷன் மேலய்யா! எல்லாமே என் புருஷன் மேல!"

ரோதெல் சட்டையில் குத்தியிருந்த கொடி ஊசியைக் கழற்றித் தன் கட்டைவிரலில் வைத்து அழுத்தினார். ஊசி இறங்கியது. இரத்தம் வரவில்லை. இன்னும் அழுத்தினார். "ஐயோ, குத்தாதீங்க! குத்தாதீங்கய்யா!" என்று சாயோங் அலறியபோதுதான் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது, சுவரொட்டிகளில் இருக்கும் சிரிப்பு. ஊசியை உருவித் துடைத்துச் சட்டையில் மறுபடி குத்திக்கொண்டார். "தங்கச்சி, நீ என் கண்ணைத் திறந்துட்ட" என்றார். அவளுக்குத் தன் வாயால் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

"அவர் செத்துப்போவாருய்யா."

"நாட்டுக்காகத்தானேம்மா" என்றார் ரோதெல், மனதார.

சாயோங் கையை ஓங்கி அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். வெளியே வராந்தாவரை சத்தம் கேட்டது. காவலாட்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ரோதெல் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், கண்ணாடியில் பார்த்தார், வழவழவென்று இருந்தது. "விடுங்கப்பா, வலிக்கல" என்று சொல்லிவிட்டு, தலையை வாரிக்கொண்டு வாசலுக்குப் போனார். மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர்கள் செருப்பைத் தேடி முடிப்பதற்குள், ஓடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் பஸ் வானொலி அதையே சொல்லிக்கொண்டு வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக் கொண்டாடினான், ஒரு கிழவர் தரையில் காறித் துப்பினார், பக்கத்து இருக்கைப் பெண்மணி சாயோங்கிடம், "பாருங்கக்கா, தைரியசாலி. உயிரைத் துச்சமா நினைக்கிறவன்தான் இப்படி இறங்குவான்" என்றாள். பாங்கிலில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. கோரியோ, "என் கெண்டைக்கால் கணிப்பு என்னாச்சு பார்த்தியா?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். நர்ஸ் நேலியா யாரும் கேட்காமலே இரண்டு பெட்டி பஞ்சும் கட்டுத்துணியும் கொண்டுவந்து படியில் அடுக்கியிருந்தாள். உள்ளே தேபான் கட்டைவிரலில் துணி சுற்றி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். இடது கன்னத்தில் ஐந்து விரல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

சாயோங் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சந்தைக்குப் போறேன்னுட்டு பாஸ்கிட்ட போனியா?" என்று கேட்டான் தேபான். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். "சுண்டுவிரல் கோணலா விழுந்திருக்கு பாரு. உன் கை எனக்குத் தெரியாதா?"

அவள் உடைந்து போனாள். அவன் காலடியில் உட்கார்ந்து, "ரொம்ப வலிச்சுதாய்யா?" என்று கேட்டாள்.

தேபான் யோசித்தான். எரிந்த பஸ், நாய், கல், கார்க் கதவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான் போலிருக்கிறது.

"இத்தனை வருஷத்துல வாங்கினதுலேயே இதுதான் வலிச்சுது" என்றான்.

சாயோங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து அவன் கன்னத்தில் தன் விரல்கள் பதிந்த இடத்திலேயே தடவினாள். பிறகு நேலியா வைத்துப்போன பெட்டிகளை உள்ளே நகர்த்தினாள். தேர்தலுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.