சுருட்டி வைத்த பாய்

மதியத்துக்கு மேல் பலத்த காற்று வரும் என்று வானொலி சொன்னதும் முகாம் மொத்தமும் ஒரே வேலையில் இறங்கியது. குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனா பாலைவனத்துக்கு, வீடாகவே இருக்கும் டிரெய்லர் வண்டியை இழுத்துக்கொண்டு வருகிற கிழவன் கிழவிகளுக்குப் பனி, பாம்பு, மகன் வீட்டு மருமகள் எதற்கும் பயமில்லை. காற்று என்றால் மட்டும் குலைநடுக்கம். வண்டியின் பக்கவாட்டில் விரித்து நிற்கும் மடக்குப் பந்தலைக் காற்று ஒரு தூக்குத் தூக்கினால் துணியும் கம்பியும் கூரைமேல் போய் விழும். அதனால் பந்தலைச் சுருட்டு, பாயைச் சுருட்டு, நாற்காலியை மடக்கு, எல்லாவற்றையும் வண்டிக்கு அடியில் திணி. கொஞ்ச நேரத்துக்குள் கல்யாண வீடு மாதிரி இருந்த இடமெல்லாம் வெறும் சரளைக்கல் ஆகிவிட்டது.

வெர்லாவும் சுருட்டினாள். டிரெய்லரில் குடித்தனம் நடத்தத் தெரிந்தவள் வேறென்ன செய்வாள்? புருஷன் ஆரின் உள்ளே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தாள். அங்கேதான் அவளுக்குப் புத்தி தடுக்கியது.

மற்றவர்களுக்கு வாசலில் விரிக்கிற பிளாஸ்டிக் பாய் கால் மண்ணைத் தட்ட. ஆரினுக்கு அதுதான் வீடு. மூன்று வருஷமாக அவன் நினைவு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. தெற்கு டகோடாவில் நாற்பது வருஷம் இருந்த சொந்த வீட்டிலேயே குளியலறை எது, துணி அலமாரி எது என்று தெரியாமல் நின்றான். இப்படிப்பட்டவனை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகிறாளே, இவளுக்கென்ன பைத்தியமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஆனால் டிரெய்லரில் அவன் தெளிவாக இருந்தான். காரணத்தை வெர்லா மெல்லக் கண்டுபிடித்தாள். இந்த முகாம்களில் ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே மலை மாறும், மரம் மாறும், பக்கத்து வண்டி மாறும். கதவைத் திறந்து கால் வைக்கிற இடம் மட்டும் மாறக் கூடாது.

அதனால் எங்கே போய் நின்றாலும் முதலில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ரசமட்டம் வைத்துப் பார்ப்பாள். தரை சாய்ந்தால் ஆரின் தடுமாறுவான். பிறகு பச்சைப் பாய். அதன்மேல் காலை வெயிலைப் பார்த்து இரண்டு நாற்காலி, நடுவே ஒரு குட்டி மேசை, பந்தல் விளிம்பில் ஒரு சரம் விளக்கு. அவ்வளவுதான். மற்றவர்கள் கொடி நட்டு, பிளாஸ்டிக் கொக்கு நிறுத்தி, கறி சுடுகிற அடுப்பு நான்கு வைத்து ஜம்பம் காட்டுவார்கள். வெர்லாவின் இடம் முகாமிலேயே வெறிச்சென்றிருக்கும். ஆரின் பாயின் ஓரம் வரை நடப்பான், அங்கிருந்து திரும்பிவிடுவான். அதைத் தாண்டினால் ஊர், இந்தப் பக்கம் வீடு என்று அவன் காலுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு தடவை தாண்டினான். போன மாசம், நியூ மெக்சிகோவில். வனக்காவலர் ஒருவர் நெடுஞ்சாலை ஓரத்தில் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டார். மகள் ஜோலின் விமானம் பிடித்து வந்து இறங்கினாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்பாவை ஹோம்ல சேர்த்துடுவேன்மா. நீ அழு, புரளு, என்ன வேணா பண்ணு."

"இனிமே ஆகாதுடி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த ஹோமை வெர்லா போய்ப் பார்த்திருந்தாள். நல்ல இடம்தான், சுத்தமான இடம். நினைவு தப்பியவர்கள் இருக்கும் பகுதிக்கு எப்போதும் பூட்டுப் போட்டிருக்கும். அவளுக்கு அங்கே கட்டில் கிடையாது, பார்வை நேரம்தான் உண்டு. ஐம்பது வருஷம் ஒரே போர்வைக்கு இழுபறி நடத்திய ஆளைப் பார்வை நேரத்தில் போய்ப் பார்ப்பதா? அதைவிடச் செத்துப்போகலாம் என்றே அவள் நினைத்தாள்.

வண்டியின் முன்பக்கம் கேஸ் உருளையின் மூடியை வாரால் இறுக்கிவிட்டு வந்தபோது டிரெய்லர் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கட்டில் காலி. போர்வையில் இன்னும் சூடு இருந்தது.

"ஆரின்?"

அவள் வெளியே வந்து அவன் நின்றிருக்கக்கூடிய படியில் நின்று, அவன் பார்த்திருக்கக்கூடியதைப் பார்த்தாள். கீழே பாய் இல்லை. நாற்காலி இல்லை. தலைக்குமேல் பந்தல் இல்லை. யாரோ ஒருவருடைய வெற்றுச் சரளை. இது நம்ம இடமில்லை என்று அவன் கிளம்பிப் போயிருக்கிறான். வேறு என்ன செய்வான் பாவம். அவன் வீட்டை அவளே சுருட்டி வண்டிக்கு அடியில் திணித்திருந்தாள்.

வெர்லா ஓடினாள். ஓடினாள் என்றாலும் பாதை வழியாகத்தான் ஓடினாள். அடுத்தவர் வண்டி நிற்கும் இடத்துக்குள் குறுக்கே நடப்பது முகாமில் பெரிய மரியாதைக் குறைவு. கழிப்பறை பக்கத்திலேயே இருந்தாலும் சுற்றித்தான் போவார்கள். உயிர் போகிற நேரத்திலும் அந்தப் பாழாய்ப்போன பழக்கம் அவள் காலைப் பிடித்துக்கொண்டது. குளியலறையில் பார்த்தாள், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் பார்த்தாள். நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கேட்டாள்.

"பார்க்கலையேம்மா. அடுத்தவங்க எடத்தை உத்துப் பாக்கற வழக்கம் எனக்கில்ல."

"நீல சட்டை. உயரமா இருப்பாரு."

"யாராச்சும் போயிருப்பாங்க. நான் தலையே நிமிரலம்மா."

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். மரியாதை தெரிந்த மனிதர்கள், ஒருத்தர்கூட ஒரு கிழவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெர்லாவுக்கு அவர்கள் அத்தனை பேரையும் அறைய வேண்டும்போல் இருந்தது.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் மார்வ் தன் சின்ன மின்சார வண்டியில் எதிரே வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏறிக்கொள்ளச் சொன்னான். இரண்டு பேரும் கால்வாய்க்குப் போனார்கள். முகாமுக்குப் பின்னால் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய், சிமெண்ட் கரை, வழுக்கினால் ஏறப் பிடிமானம் இல்லை. காற்று தண்ணீரைச் சுருக்கம் சுருக்கமாக மடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. தூரத்தில் நீலமாக ஏதோ மிதந்தது. அது தார்ப்பாய்த் துண்டு.

அது வெறும் தார்ப்பாய் என்று தெரிவதற்கு முன்னால், ஒரு நொடி, அவள் மனசு ஒன்று நினைத்தது. தண்ணீரிலேயே போய்விட்டான் என்றால் பூட்டிய கதவுக்குள் போக வேண்டாமே என்று. நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. கரையில் மண்டி போட்டு, கடவுளே, நான் அப்படி நினைக்கவில்லை, கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று வாய்விட்டுச் சொன்னாள். மார்வ் கேட்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தான்.

"ஷெரிஃபைக் கூப்பிட்டாகணும் வெர்லா."

"இன்னும் கொஞ்சம் பாத்துடலாம் மார்வ். அவங்களுக்குச் சொன்னா பொண்ணுக்குத் தகவல் போயிடும்."

"போனா போகட்டும்."

"உனக்குப் புரியாது. போச்சுன்னா அவனை என்கிட்டேருந்து கொண்டு போயிடுவா."

"வெயில் இறங்குது. இருட்டிட்டா இந்தக் காட்டுல ஆளைத் தேட முடியாது. வெறும் சட்டையோட போயிருக்கான், விறைச்சுப் போயிடுவான். சொல்லு, கூப்பிடவா வேணாமா?"

மலைகளுக்குப் பின்னால் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வெர்லா கால்வாயை இன்னொரு தடவை பார்த்தாள்.

"கூப்பிடு."

அவன் போனில் போலீசிடம் பேசி முடித்தான். வண்டியைத் திருப்பும்போது, ஏதாவது பேச வேண்டுமே என்று, முகாம் பொறுப்பாளனுக்கே உரிய முணுமுணுப்பை ஆரம்பித்தான்.

"இன்னிக்கு எனக்கு நேரமே சரியில்ல. அந்தக் கடைசி எடத்துல புதுசா வந்திருக்காளே நேடின், அவ ஒரு சாமானைக்கூட மடக்காம டவுனுக்குப் போயிட்டா. காலையில சொன்னேன், சிரிச்சா. பந்தல் பறக்கப்போகுது பாரு."

"என்ன சொன்ன?"

"பந்தல் பறக்கப்போ—"

"அவ எடத்துல பாய் விரிச்சிருக்கா?"

"பாய், நாற்காலி, எல்லாம் கடை விரிச்ச மாதிரி கெடக்கு. ஏன்?"

வெர்லா ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கினாள். இந்தத் தடவை பாதையைப் பார்க்கவில்லை. ஒருவர் வண்டிக்கும் இன்னொருவர் மேசைக்கும் நடுவே புகுந்து, யாருடைய தண்ணீர்க் குழாயிலோ தடுக்கி, நாய் ஒன்று குரைக்க, "ஏம்மா, இதென்ன பொதுவழியா?" என்று ஒரு கிழவி சத்தம் போட, நேர்கோட்டில் ஓடினாள்.

முகாம் முழுக்க விரித்திருந்த ஒரே பாய் அது. பச்சைகூட இல்லை, சிவப்பு. அதன்மேல் ஆரின் நின்றுகொண்டிருந்தான். பந்தலைக் காற்று உப்பிப் பிடித்து இழுக்க, அவன் அதன் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தொங்காத குறையாக நின்றான். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். எவ்வளவு நேரமாக இப்படி நிற்கிறானோ, கால்கள் வெடவெடவென்று ஆடின.

"ஆரின்."

அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் நிம்மதி வந்தது. உதவிக்கு ஆள் வந்துவிட்டது என்ற நிம்மதி அது, அவ்வளவுதான்.

"நல்ல வேளை வந்தீங்கம்மா. அந்தப் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? என் சம்சாரம் வெளிய போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள இது பறந்துட்டா என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவா."

தெரியாத பெண்களிடம் அவன் பேசுகிற மரியாதையான குரல். முதன்முதலில் டகோடாவில் ஒரு நடன அரங்கில் அவளிடம் பேசியபோது அப்படித்தான் பேசினான். வெர்லா மறுபக்கம் போய்க் கம்பியைப் பிடித்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று காற்றோடு மல்லுக்கட்டினார்கள். மார்வ் வந்து சேர்ந்து, சுழல் கைப்பிடியைச் சுற்றிப் பந்தலை உள்ளே இழுக்கும் வரை விடவில்லை.

ஆரின் ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். வெர்லாவும் உட்காரப் போனாள். அடுத்த நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றான் ஆரின். "அது வெர்லாவோட நாற்காலி. வந்தா அங்கதான் உக்காருவா."

வெர்லா பாயிலேயே உட்கார்ந்தாள். தன் கைக்குட்டையால் அவன் விரல்களைத் துடைத்தாள். அவன் கூச்சத்தோடு காட்டினான். மார்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஷெரிஃபுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று முனகிவிட்டு நகர்ந்தான்.

அவள் பையில் போன் அடித்தது. ஜோலின்.

"அம்மா, ஷெரிஃப் ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்க. அப்பா எங்க?"

"கெடச்சிட்டாரு."

"அடிபட்டுச்சா?"

"கையில கொஞ்சம்."

அம்மா கெஞ்சுவாள் என்று ஜோலின் காத்திருந்தாள். வெர்லாவிடம் கெஞ்சலெல்லாம் தயாராகத்தான் இருந்தது, போன மாசத்திலிருந்தே சேர்த்து வைத்திருந்தாள். என்னோடு இருந்தால் அவருக்கு எல்லாம் தெரிகிறதடி, என்னைத் தெரிகிறதடி என்று. அதை இப்போது எந்த வாயால் சொல்வது? ஒரு பாயும் இரண்டு நாற்காலியும் போதும் என்று அவள்தான் அவனுக்குப் பழக்கினாள். யாருடைய பாய், யாருடைய நாற்காலி என்பது அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லை. அவள் பெயர் மட்டும் அவனிடம் பத்திரமாக இருந்தது, அவள் இல்லை.

"வா ஜோலின்," என்றாள். "வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போ."

மறுமுனையில் மகள் அழுகிற சத்தம் கேட்டது. வெர்லாவுக்கு அழுகை வரவில்லை. காற்று சிவப்புப் பாயின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி அடிக்க, அவள் அதைத் தன் முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆரின் நாற்காலியிலிருந்து குனிந்தான்.

"போன்ல யாரு, வெர்லாவா?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"மெதுவா ஓட்டிட்டு வரச் சொல்லுங்கம்மா. காத்து பலமா இருக்கு. அவசரமே இல்ல, நான் எங்கயும் போகலன்னு சொல்லுங்க."

"சொல்றேன்," என்றாள் வெர்லா.