புரொஃபெஷனல்கள் மட்டும்

லண்டன் தமிழ் நிபுணர் மன்றம் நடத்தவிருந்த முதலாவது புரொஃபெஷனல் கோல்ஃப் சாம்பியன்ஷிப்புக்கான விண்ணப்பத்தில், தொழில் என்ற இடத்தில் புனிதா 'கோல்ஃப்' என்று எழுதினாள். மூன்றாம் நாளே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், பந்தடித்துப் பழகும் மைதானம் ஒன்றில் ஒன்பது வருடமாக அவள் பயிற்சியாளர். ஜெர்மனியிலிருந்து பதினாலு வயதில் வந்தவள். மூன்று வருடம் படித்து, பரீட்சை எழுதி, விளையாடியும் காட்டி வாங்கிய சான்றிதழ் அவளிடம் இருந்தது. மன்றத்தின் இருபத்துநான்கு போட்டியாளர்களில் பத்தொன்பது பேருக்கு மட்டையின் எந்த முனை கைக்குரியது என்று சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

செயலாளர் கிருஷ்ணராசாவுக்குப் போன் எடுத்தாள்.

"தங்கச்சி, கோவிக்காதையும். புரொஃபெஷனல் எண்டா டொக்டர், எஞ்சினியர், அக்கவுண்டன்ட், லோயர். கொமிட்டி முடிவு."

"அண்ணை, கோல்ஃப்பில புரொஃபெஷனல் எண்டா கோல்ஃப்பால சீவிக்கிற ஆள்."

"அது வெள்ளைக்காரன்ர விளக்கம். இண்டைக்கு உம்மைச் சேர்த்தா நாளைக்குத் தச்சுவேலை செய்யிறவனும் வருவான்."

கிருஷ்ணராசாவுக்கு மூன்று பெற்றோல் நிலையங்கள். விண்ணப்பத்தில் அவரைக் கொமிட்டி 'எரிசக்தித் துறை' என்று பதிந்திருந்தது.

"தலைவருக்குப் பை தூக்க ஒரு ஆள் தேவை," என்றார் அவர். "ரீஷேர்ட் தருவம். சாப்பாடும் இருக்கு."

தலைவர் கல்யாணசுந்தரம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். அவளிடம் அடுத்த வகுப்புக்கு வந்தபோது போட்டிச் சிறப்பு மலரைக் கொண்டுவந்து, தாம் எழுதிய முன்னுரையை அவளுக்கு வாசித்தும் காட்டினார். 1860இல் ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் எட்டுக் கனவான்கள் தொடக்கிவைத்த மரபை நாம் இன்று தொடர்கிறோம் என்று அது ஆரம்பித்தது.

"சேர், அந்த எட்டுப் பேரும் கனவான்கள் இல்லை. மட்டை செய்தவை, புல்லுப் பராமரிச்சவை, பை தூக்கினவை. அவையைத்தான் புரொஃபெஷனல் எண்டு சொன்னது. கனவான்கள் சுத்தி நிண்டு பாத்தவை."

"அப்படியா? அச்சடிச்சாச்சேம்மா." அவர் மலரை மூடினார். "உங்கமேல எங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா போட்டின்னா ஒரு ஸ்டாண்டர்ட் வேணுமில்லையா?"

அந்த ஸ்டாண்டர்ட் அடித்த பந்து அன்று பக்கத்து வலையில் போய்த் தொங்கியது.

போட்டி தேம்ஸ் கரையில், கவுன்சில் மைதானம் ஒன்றில் நடந்தது. லிங்ஸ் என்றால் கடலோர மணல்திட்டு மைதானம். இதுவோ பழைய குப்பைமேட்டின் மேல் மண் கொட்டிப் புல் வளர்த்த இடம். கடல் ரயிலில் ஒரு மணிநேரம். ஆனாலும் பெயர்ப்பலகையில் லிங்ஸ் என்று இருந்தது, மன்றத்துக்கு அது போதும். மலரில் 'லிங்ஸ் கோர்ஸ்' என்பதைத் தூய தமிழில் 'இணைப்புப் பாடநெறி' என்று பெயர்த்திருந்தார்கள். இரண்டு பேர் மடிக்கணினியோடு வந்ததாகக் கேள்வி.

மன்றம் ஆட்டம் தொடங்குவதற்கு மைதானத்தைப் பத்து ஐம்பது வரைதான் எடுத்திருந்தது. பதினொரு மணிக்கு யாரும் டிக்கெட் வாங்கலாம். புனிதா வாங்கினாள்.

நால்வர் நால்வராக ஆறு குழுக்கள் முன்னே போயிருந்தன. மூன்றாவது குழியிலேயே கடைசிக் குழுவைப் பிடித்துவிட்டாள். பல்வைத்தியர் விக்னேஸ்வரன் நாணலுக்குள் குனிந்து பந்து தேடிக்கொண்டிருந்தார்.

"புனிதா, இஞ்ச போட்டியெல்லோ நடக்குது?"

"நடக்கட்டும் டொக்டர். நான்தான் போட்டியில இல்லையே. மெதுவாப் போறவை வேகமா வாற ஆளுக்கு வழிவிட வேணும். உங்கட மலரில ஏழாம் பக்கம்."

நால்வரும் ஒதுங்கி நின்றார்கள். அவள் அடித்த பந்து நேரே போய்ப் புல்வெளியின் நடுவில் விழுந்தது. கைதட்டப் போன ஒருவர் சட்டென்று கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

எட்டாவது குழியில் கிருஷ்ணராசா மறித்தார். "நீர் எங்களை அவமானப்படுத்திறீர்."

"நான் பந்து அடிக்கிறன் அண்ணை. நீங்கள் இப்ப மணலுக்குள்ள இருந்து காலால தள்ளினதையும் ஒரு அடியா எண்ணுங்கோ."

பதினைந்தாவதில் தலைவரின் குழு. கல்யாணசுந்தரம் வழிவிட்டார், முன்னுரை எழுதியவர் வேறென்ன செய்வார்? அவள் மட்டையை எடுக்கும்போது மெதுவாகக் கேட்டார். "இதுவரை எப்படிம்மா?"

"விதிச்ச அடியில ரெண்டு குறைவு சேர்."

"கணக்குல வராதே. அடி எண்ணுற மார்க்கர் இல்லாம தனியாத்தானே வர்றீங்க. கார்டுல இன்னொருத்தர் கையெழுத்து வேணும்."

அது உண்மை. அவருக்கு அதைப் படிப்பித்ததே அவள்தான். அந்த ஒரே ஒரு விதியை மட்டும் மனுசன் மறக்காமல் வைத்திருந்தார். அந்தக் குழியில் பந்தை அவள் அடித்த அடியில் தலைவர் ஓரடி பின்வாங்கினார்.

எழுபது அடியில் முடித்தாள். கார்டில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். கீழ்க்கோடு வெறுமையாக இருந்தது.

மாலைக் கூட்டத்தில் நூற்றுநான்கு அடியில் எரிசக்தித் துறை வென்றதாக அறிவித்தார்கள். அவளைக் கூப்பிடுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"இறுதியாக," என்றார் கல்யாணசுந்தரம் ஒலிவாங்கியில், "நமது போட்டி சிறக்கத் தோள் கொடுத்த அன்புத் தங்கை புனிதாவுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம்."

அவள் அடித்த எழுபதைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மேடையேறினாள். அவர் பொன்னாடையை விரித்தார். அவள் குனியவில்லை. கார்டையும் பேனாவையும் நீட்டினாள்.

"போர்க்க வேண்டாம் சேர். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

"என்னம்மா இது, எல்லாரும் பாக்குறாங்க."

"ஓம். ஆறு குழுவும் பாத்தது. பாத்ததுக்கு வையுங்கோ."

"கொமிட்டில பேசித்தான்…"

"பேசுங்கோ. நான் நிக்கிறன்."

சபையில் சிலர் ஏற்கெனவே கைதட்டத் தொடங்கியிருந்தார்கள். பொன்னாடையைக் கண்டதும் தட்டிப் பழகிய கைகள். கல்யாணசுந்தரம் விரித்த துணியோடும் அவள் நீட்டிய பேனாவோடும் எதிரெதிரே நின்றார்கள். கீழே நின்ற படப்பிடிப்பாளர் கமராவைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"அக்கா, கொஞ்சம் குனியுங்கோ," என்றார். "அங்கிளுக்குக் கை நோகுது."