வரிசை எண் ஒன்று

மகள் ஸ்ம்ருதி பென் டிரைவைக் கொண்டுவந்து லேப்டாப்பில் சொருகியபோதே பூவராகவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிடலாம், காசே கிடையாது என்கிறாள். ஓசியில் கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான்? முப்பத்தாறு வருஷம் மத்திய அரசில் கோப்புப் பார்த்து, செக்‌ஷன் ஆபீசராக ரிட்டையரான மனுஷன் அவர். எதிலும் எங்கேயாவது ஒரு வில்லங்கம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் கையெழுத்துப் போடக்கூடாது. அவர் கற்ற ஒரே வித்தை அதுதான்.

ஸ்ம்ருதி சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோயிற்று, புதியதை இந்த லேப்டாப் தாங்காது. தலைநகரில், துவாரகாவில் அவர்கள் சொசைட்டியில் இருக்கிற பென்ஷன்காரர்கள் இருபது பேரின் ஆதார் நம்பரும் இதில்தான் அடிக்கப்படுகிறது. நவம்பர் பிறந்தால் ஒவ்வொருவராக வருவார்கள். கைரேகை மெஷினில் கட்டைவிரலை வைத்து, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று லைஃப் சர்டிபிகேட் பதிந்துகொண்டு, காபி குடித்து, பழைய மேலதிகாரிகளை வாய்நிறைய வைதுவிட்டுப் போவார்கள். வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் வீட்டுக் காலிங்பெல் அவருக்காக அடிக்கும். அதுவும் போய்விட்டால் அப்புறம் இந்த வீட்டில் அவர் எதற்கு?

ஆகவே ஆபீஸ் வழக்கப்படி நோட்டிங் தயார் செய்திருந்தார். பச்சைத் தாள், இடது பக்கம் மார்ஜின். வரிசை எண் ஒன்று, கைரேகை மெஷின். அதன் கீழே பிரின்டர், ஸ்கேனர், வைஃபை, ஸ்பீக்கர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி, மகள் கையெழுத்துப் போடக் கோடு கிழித்திருந்தார்.

“அரே அப்பா, நான் இன்னும் இன்ஸ்டாலே பண்ணல. பென் டிரைவ்லேர்ந்து சும்மா ஓட்டிப் பாக்கறேன். எது எது வேலை செய்யுதுன்னு தெரிஞ்சப்பறம்தான் மாத்துவேன். பஸ், அவ்வளவுதான்.”

சொன்னவள் இரண்டாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தாள். அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. எந்தக் குமாஸ்தாவாவது இரண்டிலிருந்து ஆரம்பிப்பானா? பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது. ஸ்கேனர் உறுமிற்று. வைஃபை, ஸ்பீக்கர் எல்லாம் சமர்த்தாக வேலை செய்தன. நாலு கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

“ஒண்ணாம் நம்பர்?”

“அதுக்கு டிரைவர் இல்லப்பா. மெஷினும் லேப்டாப்பும் பேசிக்கற சாஃப்ட்வேர கம்பெனிக்காரன் விண்டோஸுக்கு மட்டும்தான் குடுத்திருக்கான். நேத்தே தேடிப் பாத்துட்டேன்.”

“நேத்தே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. அப்ப ஒண்ணும் மாத்த வேணாம், எடு அத.”

“அந்த மெஷினே இப்ப யாருக்கும் வேணாம்பா! ஃபோன்ல முகத்தக் காட்டினா போதும். போன வருஷம் பெரியண்ணன் அங்கிளுக்கு நான்தான் முன்னாடியே...” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பூவராகவன் போன நவம்பரை நினைத்துப் பார்த்தார். சொசைட்டிப் பென்ஷன்காரர் பெரியண்ணன், லைஃப் சர்டிபிகேட் ரசீதை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனார். அவர் மட்டுமா? பாதிப்பேர் ரசீதே கேட்கவில்லை. வயசாச்சு, மறந்துட்டாங்க பாவம் என்று இவர் அவர்களுக்காக இரக்கப்பட்டாரே, சே!

“சுந்தரவல்லி, முன்னாடியே முடிச்சிட்டு வந்தவங்க எத்தனை பேர்?”

மனைவி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். “எல்லாரும்தான். ஆனாலும் எப்பவும்போல வீட்டுக்கு வாங்கன்னு நான்தான் சொன்னேன். ஒண்ணாந்தேதி காலையிலயே சட்டையப் போட்டுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. என்னங்க பண்ணச் சொல்றீங்க என்னை?”

இருபது பேர் சேர்ந்து செய்த இப்படி ஒரு சதியை அவர் எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை. கோபப்படலாம் என்று பார்த்தார். கோபம் வரவில்லை, வெட்கமும் அழுகையும்தான் முட்டிக்கொண்டு வந்தன. அந்த நேரம் பார்த்து பெல் அடித்தது.

வாசலில் பெரியண்ணன். ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், எழுபத்தெட்டு வயசு. மாஸ்க்கைக் கழற்றி மஃப்ளரில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “லைஃப் சர்டிபிகேட்டுக்கு வந்தேன் சார். ஜல்தி முடிச்சிருங்க, வெளியில ஒரே புகை, மூச்சே விட முடியல.” எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலை நீட்டினார்.

பழைய விண்டோஸுக்குத் திரும்புவதற்காக ஸ்ம்ருதி பென் டிரைவில் கை வைத்தாள். வேண்டாம் என்று பூவராகவன் தலையசைத்தார். வழக்கம்போல ஈரத்துணியால் பெரியண்ணனின் விரலைத் துடைத்து, மெஷினின் கண்ணாடியையும் துடைத்து, விரலை அதன்மேல் வைத்தார்.

விரலை வைத்ததும் எரிகிற சிவப்பு விளக்கு எரியவில்லை. பெரியண்ணன் மெஷினைப் பார்த்தார். பிறகு பூவராகவனின் முகத்தைப் பார்த்தார். விரலை எடுக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் அழுத்துங்க” என்றார் பூவராகவன்.

பெரியண்ணன் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார்.