துளிர்க்காத அரசாணிக்கால்

வடிவுக்குக் கல்யாணமாகி ஒன்றரை மாதம்தான் ஆகிறது. அதற்குள் மாமியார் பெரியநாயகியின் வாயில் விழுந்து படாத பாடு பட்டாள். எல்லாம் புழக்கடையில் நின்ற அரசாணிக்காலால் வந்த வினை. கல்யாண முருங்கைக் கொம்புக்கு மஞ்சள் பூசி, துணி சுற்றி, மணமேடையில் நிறுத்தியது அது. கல்யாணம் முடிந்ததும் வீட்டில் நடுவார்கள். துளிர்த்தால் குடும்பம் தழைக்கும். இதுவோ துளிர்க்கிற வழியாயில்லை!

"இவ கால் வெச்ச நேரம், நட்ட கால் துளிர் வுடல" என்று பெரியநாயகி நெசவுத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

வடிவு என்னதான் செய்வாள், பாவம்! அறுபத்தெட்டாம் வருஷத்து வறட்சியில் தெருக்குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலம்பிய தண்ணீர் எல்லாம் கொம்பின் அடியில்தான் போயிற்று. அது அசைந்து கொடுக்கவில்லை.

ஒருநாள் காலை, துணி நாறுகிறதே என்று அவிழ்த்தாள். உள்ளே கணுவில் பச்சை மொக்கு! ஆனால் அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அட கடவுளே, தலைகீழ்! சுற்றிய துணியோடு நட்டதில் எது அடி, எது நுனி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வடிவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கொம்பை இரு கையாலும் பிடித்து ஆட்டி, பிடுங்கியே விட்டாள்.

"அடிப்பாவி! கல்யாணக் காலைப் புடுங்கறியே!" பெரியநாயகி மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"நான் கால் ஒழுங்காத்தான் வெச்சேன் அத்தை. நீங்க வெச்ச கால்தான் தலைகீழா நிக்குது. மொக்கைப் பாருங்க!"

பெரியநாயகி குனிந்து பார்த்தாள். மொக்கைத் தொட்டும் பார்த்தாள். ஆனாலும் விட்டுக்கொடுப்பாளா? "திருப்பி நட்டும் துளிர் வுடலன்னா திருப்புட்குழிக்கு மூட்டை கட்டிக்கினு உங்கம்மா வூட்டுக்கே போயிடு."

"சரி" என்றாள் வடிவு. அழுகிய முனையை வெட்டிப்போட்டு, மேடான இடத்தில் நேராக நட்டாள். இந்த முறை தண்ணீரை அளந்துதான் விட்டாள்.

ஆடிக் காற்று ஓய்வதற்குள் இலை வந்துவிட்டது! வடிவு ஓடிப்போய், தறியில் உட்கார்ந்திருந்த புருஷன் வீரபத்திரனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். ஐப்பசி மழையில் மரம் கூரையைத் தொட்டது.

தை பிறந்ததும் இலையெல்லாம் கொட்டியது. இப்போது பதறியவள் பெரியநாயகி! எங்கெங்கோ அலைந்து குடம் குடமாகத் தூக்கிவந்தாள்.

"ஐயோ, பட்டுப்போவுதுமா!"

"வேணாம் அத்தை, அது சாவல. மழையில்லாத நாளைக்கு இலையை உதுத்துட்டுச் சிக்கனமா நிக்குது." வடிவு நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சையைக் காட்டினாள். பெரியநாயகி குடத்தை இறக்கி வைத்தாள்.

மாசியில் மொட்டைக் கிளையெல்லாம் செக்கச்செவேலென்று பூத்தது! மைனாக்கள் கூச்சல் போட்டன. தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது.

"உன் கைராசியே ராசி, பெரியநாயகி! நீ நட்ட கால்தானே?" என்றாள் பக்கத்து வீட்டு அம்சவேணி.

வடிவு மாமியாரைப் பார்த்தாள்.

"நான் நட்டது செத்துக்கினு இருந்துச்சு" என்று பெரியநாயகி தெருக்கோடிவரை கேட்கக் கத்தினாள். "இது என் மருமவ நட்ட மரம்மா!"