வழி கேட்டு வந்த கட்டில்

வாசலில் கட்டில் வந்து நின்றுவிட்டது. உள்ளே ஒலாராவின் அக்கா அட்டிம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனசு சரியில்லாதவர்களுக்கென்று வடக்கு உகாண்டாவின் அந்த மூலைக்கு இருந்தது இந்த ஒரே கட்டில்தான். ஆஸ்பத்திரிக்கு யாரும் வராததால் அதுவே ஊருக்குள் நடந்து வந்தது. செம்மண் ரோட்டில் இரும்புக் கால் தேய, ஒவ்வொரு வீடாக நின்று, “யாருக்காவது முடியலையா?” என்று கேட்கும். ஒத்துக்கொண்டால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் எல்லோரும் பக்கத்து வீட்டைக் காட்டினார்கள். யார் சொன்னாலும் நம்புகிற கட்டில் அது. மழைக்காலம் முழுக்க நடந்தும் ஒருத்தர்கூட அதில் படுத்தபாடில்லை.

ஒலாரா அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தான். பொய் சொல்ல அவனுக்குப் பொறுமை கிடையாது. புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து அட்டிம் கண்ணை மூடவில்லை. நாளைக்கு அவளை ஜெபக்கூடத்து மாமரத்தில் கட்டிப்போடுவதாகப் பெரியப்பா முடிவு செய்திருந்தார். சங்கிலிகூட வாங்கியாகிவிட்டது.

“எதிர் வீடுன்னு சொல்லுடா” என்று பெரியப்பா காதைக் கடித்தார்.

எதிர் வீட்டு அச்செங் முந்திக்கொண்டாள். “இங்க எல்லாரும் சௌக்கியம்! நேத்துதான் அனுப்பி வச்சேன், திரும்ப என் தலையில கட்டாதீங்க!”

“பெரியப்பா, கட்டிப்போட்டா அக்கா தூங்கிடுவாளா?”

“பேய் போயிடும். போனா தூங்குவா.”

“அப்போ பேயைக் கட்டுங்க.”

கட்டிலைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்: “இந்த வீடுதான். எங்க அக்காவுக்கு முடியல. உள்ளே வா.”

கட்டில் காலைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி உள்ளே வந்தது. இடம் போதவில்லை. ஒலாரா மேசையைத் தூக்கி வெளியே போட்டான். அட்டிம் எழுந்து வந்து படுத்தாள். கட்டில் ஆடாமல் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

“குடும்ப மானமே போச்சு.”

“போனா போகுது. கத்தாதீங்க, அவ தூங்குறா.”

விடிந்து பார்த்தால் கட்டில் குட்டி போட்டிருந்தது. ஈரம் காயாத கால்களோடு குட்டிக்கட்டில் தள்ளாடி எழுந்தது. ஒலாராவை மோந்து பார்த்துவிட்டு விலகியது. நேராகப் போய்ப் பெரியப்பாவின் காலடியில் நின்றது.

பெரியப்பா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “அதை விரட்டுடா” என்றார்.

ஒலாரா விரட்டவில்லை.