பதினொரு பிளாஸ்திரிகள்

பதினொரு பேருக்கும் இடது புருவத்தின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். ஒரே அளவு, ஒரே சாய்வு. கிளைச் சிறையின் உள்முற்றத்தில், வேப்பமர நிழலில், அடையாள அணிவகுப்புக்காக வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் தாடி. எல்லோரும் மாநிறம், நல்ல உயரம், நாற்பதை நெருங்கும் வயது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். பதினான்கு மாதமாக நான் மனதில் பத்திரமாக வைத்திருந்தது ஒரு புருவத் தழும்பை. அதற்காக அந்த முகத்தின் மற்ற எல்லாவற்றையும் தொலைத்துவிட்டிருந்தேன் என்பது அந்தப் படியில்தான் தெரிந்தது.

என் தம்பி மத்திலேட்டியை விடியற்காலையில் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போன நான்கு பேரும் சாதாரண உடையில் வந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் வாசல் விளக்குக்கு அடியில் நின்றான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். அவன் குனிந்து பார்த்தான். முகத்தில் கோபமில்லை, அவசரமில்லை. கால் வைக்குமுன் படியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாக வெட்டியிருந்தது. பிறகு காலை உருவிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து செத்துப்போனான் என்றார்கள். வழுக்கி விழுந்தவனின் இரண்டு உள்ளங்கால்களும் கறுத்துப்போயிருந்தன. அந்த விடியலில் எங்கள் தெருவுக்குப் போலீஸ் யாரும் வரவே இல்லை என்று ஸ்டேஷன் பதிவேடு சொன்னது. உயர் நீதிமன்றம் வரை போய், கைப்பேசிக் கோபுரத்தின் கணக்கை வாங்கிப் பார்த்தபோது, ஒரு சப் இன்ஸ்பெக்டரின் கைப்பேசி மட்டும் அந்த நேரத்தில் எங்கள் தெருப் பக்கம் இருந்திருக்கிறது. அந்த வழியாக எங்கோ போய்க்கொண்டிருந்தேன் என்றாராம் அவர். வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

"தொட்டுக் காட்டணும் அக்கா," என்று வக்கீல் ஜபீன் சிறைக் கேட்டுக்கு வெளியே என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். அவளை உள்ளே விடமாட்டார்கள். "வேற ஆளைத் தொட்டுட்டீங்கன்னா இன்னையோட கேஸ் முடிஞ்சுது. அந்த சப் இன்ஸ்பெக்டர் வரவேற்பு மாலை போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிடுவாரு."

மாஜிஸ்ட்ரேட் சின்ன வயசுக்காரர். நிதானமாகப் பேசினார்.

"சப் இன்ஸ்பெக்டர்கிட்ட எங்க நிக்கணும்னு கேட்டோம். அவர் சொன்ன இடத்துலதான் நிறுத்தியிருக்கோம். சட்டை மாத்திக்கலாம்னு சொன்னோம், மாத்திக்கிட்டாரு. தழும்பு இருக்குன்னு நீங்க வாக்குமூலத்துல சொல்லியிருக்கீங்க. அதை மட்டும் பாத்து யாரும் கைகாட்டிடக் கூடாதில்லையா, அதான் எல்லாருக்கும் பிளாஸ்திரி. அவசரமே இல்லம்மா. நல்லாப் பாருங்க."

தெலுங்கு பேசும் எங்கள் ஊரின் கிளை நூலகத்தில் பெருக்கித் துடைத்துப் புத்தகம் அடுக்குவது என் வேலை. அடுக்கும்போது வாசிப்பேன். சட்டப் புத்தகங்களின் தெலுங்கு மொழிபெயர்ப்பும் அங்கே இரண்டு உண்டு. மாஜிஸ்ட்ரேட் சொன்ன ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. எல்லாம் சரியான விதிகள்.

மத்திலேட்டிக்கு நடந்த அடையாளம் காட்டலையும் நான் பார்த்திருக்கிறேன். அவன் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். மண்டிக்காரர் மனைவியின் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவனை இழுத்துப்போன மறுநாள் நான் சோள ரொட்டிப் பொட்டலத்தோடு ஸ்டேஷன் ஜன்னலருகே நின்றிருந்தேன். அந்த அம்மா காரில் வந்து இறங்கினாள். தம்பி ஜட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். தனியாக.

"இவன்தானம்மா?" என்றார் ஏட்டு.

அவள் மூக்கின்மேல் முந்தானையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இவனைப் போலத்தான் இருக்கு."

அவ்வளவு போதுமாக இருந்தது. மறுமாதம் சங்கிலி வேறொரு ஊரில், வேறொருவனிடம் கிடைத்தது. அந்த அம்மா நல்லவள் என்றுதான் மண்டியில் சொல்வார்கள். இருக்கலாம்.

நான் வரிசையின் முன்னால் நடந்தேன். முதல் ஆள். இரண்டாவது ஆள். இவனாக இருக்கலாம். அடுத்தவனைப் பார்த்தால் அவனாகவும் இருக்கலாம். போலத்தான், போலத்தான் என்று எனக்குள் அந்த அம்மாவின் குரல் கேட்டது. கை தூக்கினால் நானும் அவளாகிவிடுவேன் என்று தோன்றியது. ஐந்தாவது ஆளிடம் சற்று நின்றேன். அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல் ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கால் பெருவிரல் மண்ணைத் தோண்டியது. நான் நகர்ந்ததும் அவன் மூச்சு விட்டது என் தோளில் பட்டது.

அப்போதுதான் பிளாஸ்திரியை விட்டுவிட்டுக் கண்களைப் பார்க்கத் தொடங்கினேன். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கெங்கிருந்தோ கூட்டிவந்த ஆட்கள். இந்தப் பெண் தவறுதலாகத் தொட்டுவிட்டால் கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போக முடியாது என்று நம்பியவர்கள். எவ்வளவு விளக்கிச் சொன்னாலும் நம்பத்தான் செய்வார்கள். நானும் நம்புவேன்.

எட்டாவது ஆள் என் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். கோபமில்லை, அவசரமில்லை. நான் எப்போது நகர்வேன் என்று காத்திருந்தான். அந்த விடியற்காலையில் நான் பார்த்தது இதைத்தான். தழும்பு அதன்மேல் ஒரு கோடு மட்டும்.

தொட்டேன். சட்டைக்குள் தோள் சாதாரணச் சூடாக இருந்தது.

என்னை அறைக்குள் அனுப்பி, இடமும் சட்டையும் மாற்றிக்கொள்ளச் சொல்லி, மறுபடி அழைத்தார்கள். இந்த முறை பத்துப் பேர் தளர்ந்து நின்றார்கள். ஒருவன் கொட்டாவிகூட விட்டான். இரண்டாவது இடத்தில் நின்ற ஆளின் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. அவனைத் தொட்டேன். மூன்றாம் முறையும்.

"எதை வெச்சு அடையாளம் கண்டீங்க?" மாஜிஸ்ட்ரேட் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

முகத்தை வைத்து என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை.

"மத்தவங்கல்லாம் பயந்தாங்க சார். இவர் பயப்படலை. அன்னைக்கும் இப்படித்தான் பாத்தாரு."

பேனா நகரவில்லை. "அதை எப்படிம்மா எழுதறது? முகத்துல என்ன பாத்தீங்க, அதைச் சொல்லுங்க."

"முகத்துலதான் சார் இருந்துச்சு."

அவர் காகிதத்தை நேராக்கி வைத்துக்கொண்டு எழுதினார். நான் கையெழுத்துப் போடுமுன் வாசித்தேன். நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதியிருந்தார். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

வெளியே ஜபீனிடம் சொன்னேன். ஆளைச் சரியாகத் தொட்டேன் என்றதும் என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்ததைச் சொன்னதும் கைகள் தளர்ந்தன. "பயப்படலைன்னா சொன்னீங்க?" என்றாள். "ஐயோ அக்கா. அவங்க வக்கீல் இந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டு நாள் முழுக்க ஆடுவான்." கைப்பேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

எதிரே டீக்கடை. அந்தப் பத்துப் பேரும் அங்கே வந்து பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பிளாஸ்திரி அப்படியே இருந்தது. உதட்டை அசைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து இடம் விட்டார். பெயர் தஸ்தகிரி, லாரி ஷெட்டில் வேலை என்றார்.

"எம்முன்னாடி நின்னீங்களே, செத்தேன் அக்கா நான்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு அண்ணா."

"ஆனா ஒண்ணு சொல்லணும். நிழல்ல நிக்க வெச்சாங்க. டம்ளர்ல தண்ணி குடுத்தாங்க. நீங்க, வாங்கன்னுதான் பேச்சே. முன்னாடி ஒரு தடவை உள்ள போயிருக்கேன், அப்ப எம்பேரைக்கூட யாரும் கேக்கலை."

"அப்ப உன் புருவத்துல சப் இன்ஸ்பெக்டர் தழும்பு இல்லையேப்பா," என்றார் பக்கத்திலிருந்தவர். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. "ஒட்டினதை எடுக்காத தஸ்தகிரி. அப்படியே வீட்டுக்குப் போ. உம் பொண்டாட்டிகூட இன்னைக்கு மரியாதையாப் பேசுவா."

எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். கடைக்காரர் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். வாயருகே கொண்டுபோனேன்.

சிறைக் கேட் திறந்து போலீஸ் ஜீப் ஒன்று வெளியே வந்தது. சிரிப்பு நின்றது. யாரும் சொல்லவில்லை; பத்துப் பேரும் டம்ளரோடு எழுந்து, பெஞ்சுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். வெள்ளைப் பிளாஸ்திரிகளின்மேல் வெயில் விழுந்தது. ஜீப் எங்களைப் பார்க்காமல் மெதுவாகத் திரும்பி, தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

டீ சிந்தி விரல் சுட்டபோதுதான் கவனித்தேன். வரிசையின் கடைசியில், தஸ்தகிரிக்குப் பக்கத்தில், நானும் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.